ஆறாவது கேள்வி

ஜூலை 7, 2025, திங்கள்

இன்று காலை நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். ஒரு வாரம் போனால் மனசு அதைப் பூசி மெழுகிவிடும்.

இரண்டாம் படிவத்தில் ஒரு மாணவியின் கால்குலேட்டரைக் காணோம். ஓய்வு முடிந்து நான் மாடி ஏறும்போதே ஐந்து பையன்கள் வகுப்புக்கு வெளியே சுவரோரமாக நின்றார்கள். வகுப்பில் முப்பத்து நான்கு பேர். அதில் தமிழ்ப் பையன்கள் மொத்தமே ஐந்து பேர். அந்த ஐவரும்தான் வெளியே நின்றார்கள். சக மலாய் ஆசிரியர் ஒருவர் அவர்களுடைய பைகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மற்ற இருபத்தொன்பது பேரும் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருவனை இங்கே ச. என்று மட்டும் எழுதுகிறேன். அவன் பையிலிருந்து நோட்டுகள், ஒரு சீப்பு, பாதி தின்ற ரொட்டிப் பொட்டலம், பிளாஸ்டிக் உறையில் ஒரு சான்றிதழ் எல்லாம் விழுந்தன. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது மனக்கணக்குப் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு. குனிந்து முதலில் அதைத்தான் எடுத்தான். உறையைச் சட்டையில் துடைத்து நோட்டுக்குள் வைத்தான்.

கால்குலேட்டர் அறிவியல் கூடத்தில் இருந்தது. அந்தப் பெண் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஓடிவந்து சொன்னதும் அவளே அழுதுவிட்டாள். சக ஆசிரியர், “சரி, சரி, உள்ளே போங்க” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த பாடவேளை என்னுடையது. காரணிப்படுத்தலில் பத்துக் கேள்விச் சோதனை என்று போன வாரமே சொல்லியிருந்தேன். தள்ளிப்போட்டிருக்கலாம். பாடத்திட்டம் பின்தங்கியிருக்கிறது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தாள்களைத் திருத்தினேன். ச.வுக்கு 31. போன சோதனையில் 64 வாங்கியவன்.

மதிப்பெண்ணைவிட அந்தத் தாள்தான் என்னை உட்கார வைத்தது. முதல் ஐந்து கேள்விகளில் வழிமுறை சரி, கூட்டலில்தான் சறுக்கியிருக்கிறான். ஆறாவது கேள்வியில் தாளில் ஓட்டை. எழுதி, அழிப்பானால் அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்துத் தாள் நைந்து கிழிந்திருக்கிறது. விரலை வைத்தால் நகம் மறுபக்கம் தெரிகிறது. விளக்கில் பிடித்துப் பார்த்தேன். அழித்த எழுத்தெல்லாம் பள்ளமாகத் தெரிந்தது. பெருக்கினால் மைனஸ் 12, கூட்டினால் மைனஸ் 1 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். மைனஸ் 4, ப்ளஸ் 3. அதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான், இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவனே அழித்துவிட்டான்.

ஆறுக்குப் பிறகு வெறும் தாள்.

தெரியாத பிள்ளையின் தாளை நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். அது இப்படி இருக்காது. தெரியாதவன் எழுதாமல் விடுவான், அல்லது எதையாவது கிறுக்குவான். சரியான விடையை இரண்டு முறை எழுதி இரண்டு முறை அழிப்பவனுக்குக் கணக்கு வரும். தனக்கு வரும் என்பதைத்தான் அவன் நம்பவில்லை.

ஜூலை 10, வியாழன்

பள்ளி முடிந்ததும் ச.வை நிறுத்தினேன். “பசியாறினியாடா?” என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன்.

ஆறாவது கேள்வியை ஏன் அழித்தாய் என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “பையைக் கொட்டுன சிக்கு கதவுப் பக்கமா போனாரு டீச்சர். திரும்பவும் என்னையத்தான் பாக்க வர்றாருன்னு நெனச்சேன். கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் எழுதுனது தப்புன்னு தோணுச்சு.”

“ஏன் தப்புன்னு தோணுச்சு?”

“தெரியல டீச்சர். எனக்கு வர்றது எப்படியும் தப்பாத்தான் இருக்கும்னு.”

பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னான். கடைக்குப் போனால் வாங்கிய சாமானுக்கான ரசீதைப் பைக்குள் போடமாட்டானாம். வெளியே வந்து சாலையைக் கடக்கும்வரை கையில் விரித்துப் பிடித்திருப்பானாம். “அப்பத்தான் யாரும் கூப்பிட மாட்டாங்க.” யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். “அண்ணன்.”

பதினைந்து வயது. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, மலாய் மொழி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்ததால் வகுப்பில் எல்லாரையும்விட ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வருஷத்தையும் அவன் ‘பெயிலானது’ என்றுதான் சொல்கிறான். பெயிலாகவில்லையடா, மொழிக்காகப் படித்த வருஷம் அது என்றேன். தலையாட்டினான். நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 12, சனி

சில வருஷங்களுக்கு முன் பயிற்சி ஒன்றில் கேள்விப்பட்டு வாங்கிய புத்தகத்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்தேன். அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 2010-இல் எழுதிய ‘விசிலிங் விவால்டி’. அப்போது பாதியோடு வைத்துவிட்டேன். அந்தத் தலைப்புக்கு ஒரு கதை உண்டு. பிரெண்ட் ஸ்டேப்பிள்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர், மாணவராக சிகாகோவில் இருந்தபோது, இரவில் தெருவில் நடந்தால் எதிரே வரும் வெள்ளையர்கள் பயந்து ஒதுங்குவார்களாம். அதனால் விவால்டியின் இசையை விசிலடித்துக்கொண்டே நடப்பாராம். சாஸ்திரிய இசை தெரிந்தவன் என்றால் கெட்டவனாக இருக்க மாட்டான் என்று அவர்கள் முகம் இளகுமாம்.

முந்தாநாள் ச. சொன்ன ரசீது நினைவுக்கு வந்து புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவனுடைய விவால்டி அந்த ரசீது.

சாயங்காலம் மறுபடி எடுத்துப் படித்தேன். ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் 1995-இல் வெளியிட்ட ஆய்வு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கடினமான மொழித்திறன் கேள்விகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் இது உங்கள் அறிவுத்திறனை அளக்கும் சோதனை என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் இது அளவிடுவதற்கல்ல, இப்படிப்பட்ட புதிர்களை மனிதர்கள் எப்படி அவிழ்க்கிறார்கள் என்று பார்க்கத்தான் என்றார்கள். கேள்விகள் ஒன்றுதான். ‘அறிவுத்திறன்’ என்ற சொல்லைக் கேட்ட கறுப்பின மாணவர்கள், முந்தைய தேர்வுகளில் தங்களுக்குச் சமமாக வாங்கிய வெள்ளை மாணவர்களைவிடக் குறைவாக வாங்கினார்கள். அந்தச் சொல்லைக் கேட்காதவர்களிடம் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்னொரு சோதனையில், தேர்வு தொடங்கும் முன் ‘உங்கள் இனம் என்ன’ என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னதே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்ணை விழ வைக்கப் போதுமாக இருந்தது.

இதை மந்திரம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. பின்னால் அதிகம் பேரை வைத்துத் திரும்பச் செய்து பார்த்த சில ஆய்வுகளில் விளைவு சிறியதாகவே வந்திருக்கிறது, சிலவற்றில் வரவே இல்லை. இன முத்திரை ஒன்றுதான் எல்லா மதிப்பெண்ணுக்கும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் மேசை இல்லாததும், அப்பா துறைமுகத்தில் இரவு லோரி ஓட்டுவதும், அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்ப்பதும் காரணம்தான். ஆனால் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று என் மாணவன் சொன்னான். ஒரே நாற்பது நிமிஷத்தில் அவன் இரண்டு தேர்வு எழுதியிருக்கிறான். ஒன்று காரணிப்படுத்தல். மற்றது, நான் திருடன் இல்லை, மக்கும் இல்லை என்று நிரூபிக்கும் தேர்வு. இரண்டாவதற்கு முப்பத்து நான்கு பேரில் ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்தார்கள்.

அந்த ‘இனம்’ கட்டத்தை நினைத்துக்கொண்டே என் மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பத்தி: மலாய், சீனர், இந்தியர், மற்றவர். பிள்ளையின் எண்ணைப் பார்க்கும் முன் என் கண் அதைத்தான் கடந்து போகிறது. ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவின் பழைய படத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய மனிதர். தமிழன் அடங்கி நடப்பவன், எதிர்த்துப் பேசமாட்டான், அதனால்தான் தோட்டத்துக்கு ஏற்றவன் என்று வெள்ளைக்காரத் துரைகள் நினைத்ததாகப் படித்திருக்கிறேன். தோட்டங்கள் துண்டு போடப்பட்டு, வீடும் வேலையும் சேர்ந்தே போய், குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்தன. இரண்டு தலைமுறைக்குள் அதே தமிழனின் பேரனை ‘குண்டர் கும்பல்’ என்கிறார்கள். தாத்தா அடங்கியவர், பேரன் அடங்காதவன். இரத்தமா மாறிவிட்டது? யாருக்கு என்ன தேவையோ அதற்கு ஏற்றபடி முத்திரையை மாற்றிக் குத்துகிறார்கள்.

மலாய்க்காரர்களுக்கும் இதே கதைதான். சைட் ஹுசேன் அலாதாஸ் 1977-இல் எழுதிய ‘தி மித் ஆஃப் தி லேசி நேட்டிவ்’ அதைத்தான் பிரித்துக் காட்டுகிறது. சொந்த நிலம் இருந்ததால் மலாய்க்காரர் காலனிக்காரரின் தோட்டத்திலும் சுரங்கத்திலும் கூலியாகப் போய் நிற்கவில்லை. அதற்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. திங்கட்கிழமை பைகளைக் கவிழ்த்த அந்த ஆசிரியரும் சின்ன வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். அது நினைவிருந்தால் கை தயங்கியிருக்குமோ என்னவோ.

2011-ஐயும் நினைத்துக்கொண்டேன். 1971-இல் வெளிவந்த ‘இந்தர்லோக்’ நாவலை அந்த வருஷம் மலேசியாவில் ஐந்தாம் படிவத்துக்கு மலாய் இலக்கியப் பாடமாக வைத்தார்கள். அதில் தமிழர்களைக் குறித்து வந்த ஒரு சாதிச் சொல்லை எதிர்த்துப் பெரிய போராட்டமே நடந்தது. வருஷக் கடைசியில் நாவலைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் எல்லாம் சொல்லைப் பற்றித்தான் எழுதின. நான் அன்று மாற்று ஆசிரியையாக ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் அந்தப் பக்கம் வந்ததும் புத்தகத்தைக் கையால் மூடினாள், பக்கத்துப் பிள்ளை படித்துவிடக் கூடாது என்று. அன்றைக்கு அவள் எத்தனை பக்கம் படித்திருப்பாள்?

ஜூலை 15, செவ்வாய்

பின்வரிசைச் சீனப் பெண் தாளை வாங்கியதும் நான்காக மடித்துப் பென்சில் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். 38. “சீனர் என்றால் கணக்கு வரும்” என்பதும் தலையில் ஏற்றி வைத்த கல்தான். புகழ்ச்சியாகச் சொல்லப்படுவதால் யாரிடமும் முறையிடக்கூட முடியாது. அவளுக்கு வராவிட்டால் அவள் சீனப் பெண்ணாக இருப்பதிலும் தோற்றுவிடுகிறாள். இன்றுவரை என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. கேட்காததற்குத் திமிர் என்று நானே பெயர் வைத்திருந்தேன்.

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

கோயிலில் ச.வின் அம்மாவைப் பார்த்தேன். கூழ் வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தோம். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கையெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

“எப்படி டீச்சர் படிக்கிறான்?”

அவனுக்குக் கணக்கு நன்றாக வரும் அக்கா என்றேன். சிரித்தார். “நம்ம புள்ளைங்களுக்குக் கணக்கு எங்க டீச்சர் வருது? பாஸ் பண்ணுனா போதும். நீங்களும் அதான சொன்னீங்க, போன வருசம்.”

நான் சொன்னேனா? சொல்லியிருக்கிறேன். பெற்றோர் நாளில், ஆறுதலாக. “பாஸ் பண்ணினால் போதும், அழுத்தம் கொடுக்காதீங்க” என்று. அதை அந்தத் தாய் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் திருத்தக் கொண்டுவந்திருந்த நோட்டுக் கட்டைப் பிரித்தேன். இரண்டு அடுக்காக வைத்தேன். என் சிவப்பு மையை மட்டும் படித்தேன். மற்ற பிள்ளைகளின் நோட்டில்: ‘மூன்றாம் படியில் குறி மாறிவிட்டது, திரும்பச் செய்’, ‘இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது, தேடு’, ‘ஏன்?’ தமிழ்ப் பிள்ளைகளின் நோட்டில், அதிலும் பையன்களுடையதில்: ‘நல்ல முயற்சி’, ‘பரவாயில்லை’, ‘தொடர்ந்து முயற்சி செய்’. ச.வின் நோட்டில் மட்டும் பதினோரு ‘பரவாயில்லை’. ஒரு ‘ஏன்?’ கூட இல்லை.

பைகளைக் கவிழ்த்தவரைக் குறித்து இத்தனை நாள் கோபப்பட்டேன். என் கை செய்தது இது. அவர் சந்தேகத்தால் செய்ததை நான் பாசத்தால் செய்திருக்கிறேன். இவனிடமிருந்து இவ்வளவுதான் வரும் என்று முடிவுகட்டிவிட்டு, அந்த முடிவுக்கு அன்பு என்று பெயர் வைத்தேன். பிள்ளைகள் இதைப் படித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே டீச்சரின் முகத்தைப் படித்துவிடுகிறவர்கள் அவர்கள்.

தூக்கம் வரவில்லை. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் செய்த சோதனை நினைவுக்கு வந்தது. டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2014-இல் வெளியிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஆசிரியர்கள் எப்போதும் போலக் கறாராகத் திருத்தினார்கள். பிறகு ஒரு சின்னச் சீட்டைச் சேர்த்தார்கள். சிலருக்கு, இவை உன் கட்டுரைக்கான என் கருத்துகள் என்று மட்டும். சிலருக்கு, உன்னிடம் நான் பெரிதாக எதிர்பார்க்கிறேன், அதை நீ எட்டுவாய் என்று தெரிந்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன் என்று. முதல் சீட்டைப் பெற்ற கறுப்பினப் பிள்ளைகளில் பத்தில் இரண்டு பேர்கூடக் கட்டுரையைத் திரும்ப எழுதித் தரவில்லை. இரண்டாவதைப் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேர் எழுதித் தந்தார்கள். ஒரே பள்ளி, கொஞ்சம் பிள்ளைகள்தான். ஆனால் வெறும் புகழ்ச்சி அல்ல அது. கறாரும் நம்பிக்கையும் ஒரே சீட்டில் இருந்தன. நான் கறாரை ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இனிப்பை மறுபக்கத்துக்கும் பங்கு போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

உறவினர் வீட்டு நிச்சயதார்த்தம். சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பெரியவர், மாப்பிள்ளையின் தம்பிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததைப் பேசும்போது, “அவங்க ஆளுங்களுக்கு அவ்வளவு மூளை இருக்காதே” என்றார். நம்மவரையே நம்மவர் சாதி சொல்லி.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் செய்த ஆய்வை அவரிடம் சொன்னேன். 642 பையன்கள், பாதிப் பேர் உயர்சாதி, பாதிப் பேர் ஒடுக்கப்பட்ட சாதி. வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் எந்தச் சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்பும் ஒன்றுபோலத்தான் செய்தார்கள். எல்லார் முன்னும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பின்தங்கினார்கள். பெரியவர் கேட்டுவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். மலாய் ஆசிரியரிடம் நியாயம் கேட்கப் போகிற நான் இந்தப் பந்தியிலும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

இரண்டு காரியம் செய்தேன்.

காலையில் அந்தச் சக ஆசிரியரிடம் பேசினேன். சண்டை போடவில்லை. அந்தத் தாளைக் காட்டினேன், ஓட்டையோடு. “அனுபவத்தில் செய்தேன், இனம் பார்த்து அல்ல” என்றார். ஐந்து பேரும் தமிழர்களாக இருந்தது தற்செயலா என்று கேட்டேன். பதில் இல்லை. தாளை மட்டும் வாங்கி விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், நான் பார்த்ததைப் போலவே. மத்தியானம் ஆசிரியர் கூட்டத்தில், இனிமேல் பை சோதிப்பதென்றால் வகுப்பு முழுவதையும் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் யாருடையதையும் தொடக்கூடாது என்று நான் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. தலைமையாசிரியர் குறித்துக்கொண்டார். அந்த ஐந்து பேரிடம் யாராவது மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சொன்னதைக் குறித்துக்கொண்டாரா, தெரியவில்லை.

இரண்டாவது, நேற்றுத் திரும்ப வாங்கி மறுபடி திருத்திய தாள்களை வகுப்பில் கொடுத்தேன். முப்பத்து நான்கு பேருக்கும் ஒரே கறார். நேற்று இரவு ஒரு மணிவரை எழுதினேன். ச.வின் தாளில் ஆறாவது கேள்வியின் ஓட்டைக்குப் பக்கத்தில் எழுதியது: ‘இங்கே நீ இரண்டு முறை சரியாக எழுதியிருக்கிறாய். தாளில் பதிந்திருக்கிறது, நான் பார்த்தேன். ஏன் அழித்தாய் என்று எனக்குத் தெரியும். ஏழிலிருந்து பத்துவரை உன்னால் முடியும். முடியும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு வேண்டும்.’

சீனப் பெண்ணின் தாளிலும் எழுதினேன். அது அவளுக்கும் எனக்கும்.

ச. படித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தாளை நோட்டுக்குள் வைத்தான், சான்றிதழ் இருக்கும் அதே நோட்டு.

ஜூலை 24, வியாழன்

பின்வரிசைப் பெண் முதல் தடவையாகக் கை தூக்கினாள். கேட்டது சின்னச் சந்தேகம். ஐந்து தமிழ்ப் பையன்களில் இருவர் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஒருவன் கொடுக்கமாட்டேன் என்று நேராகவே சொன்னான்: “இப்ப மட்டும் என்ன டீச்சர் திடீர்னு?” நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வாரத்தில் பதில் சொல்ல முடியாது. இந்த வருஷம் முழுக்கச் சொல்லவேண்டியிருக்கும்.

ஜூலை 25, வெள்ளி

கடைசி மணி அடித்த பிறகும் ச. வரவில்லை. மேசையை ஒழுங்குபடுத்திவிட்டு, கார் சாவியை எடுக்கும்போது அறிவியல் நோட்டுக் கட்டின் மேல் அவன் தாள் இருந்தது. எப்போது வைத்தான் என்று தெரியவில்லை.

ஓட்டைக்குப் பின்னால் செலோடேப் ஒட்டி, அதன் மேலேயே எழுதியிருக்கிறான்: மைனஸ் 4, ப்ளஸ் 3. ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் சரி. ஒன்பதில் இரண்டாம் படியைத் தாவியிருக்கிறான், ‘ஏன்?’ என்று எழுதினேன். பத்தாவது கேள்வியில் பாதிவரை வந்து நின்றிருக்கிறான். அழிக்கவில்லை. கீழே பென்சிலில் ஒரு வரி: ‘இதுக்கு மேல புரியல டீச்சர். திங்கக்கிழமை கேக்குறேன்.’

திங்கட்கிழமை முதல் பாடவேளை அவர்கள் வகுப்புதான்.